யார் இந்த ஜேம்ஸ் பார்கின்சன்? தெருவில் நடந்தவர்களைக் கவனித்தே ஒரு நோயை அடையாளம் கண்ட லண்டன் டாக்டர்!

தாத்தாவுக்குக் கை நடுங்குகிறது. நடை சுருங்கிவிட்டது. சட்டைப் பட்டன் போட பத்து நிமிஷம் ஆகிறது. பல வீடுகளில் இதற்கெல்லாம் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்.

200 வருஷங்களுக்கு முன்பு லண்டனிலும் நிலைமை இதேதான். வயதானவர்களின் நடுக்கத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பதிலோடு திருப்தி அடையாத ஒரு ஏரியா டாக்டர், ஆறு பேரின் அசைவுகளைக் கவனித்து 66 பக்கத்தில் ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். அந்த ஆறு பேரில் எல்லோரும் அவருடைய கிளினிக்குக்கு வந்தவர்கள் கிடையாது. இருவரைத் தெருவில் தற்செயலாகச் சந்தித்தார். இன்னொருவரை தூரத்தில் இருந்து பார்த்ததோடு சரி.

அவர்தான் ஜேம்ஸ் பார்கின்சன். அவர் பெயரில்தான் இன்று பார்கின்சன் நோய் அழைக்கப்படுகிறது. தமிழில் நடுக்குவாதம் என்றும் சொல்வார்கள்.

ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, மூளை பற்றிய தெளிவான அறிவு என எதுவுமே இல்லாத காலத்தில் அவரால் இது எப்படி முடிந்தது? இன்றைக்கு ஒரு குடும்பம் இதிலிருந்து என்ன தெரிந்துகொள்ளலாம்? பார்ப்போம்.

ஒரே ஏரியா, ஒரே வாழ்க்கை

ஜேம்ஸ் பார்கின்சன் 1755 ஏப்ரல் 11 அன்று லண்டனின் ஷோர்டிட்ச் பகுதியில் உள்ள ஹாக்ஸ்டன் சதுக்கத்தில் பிறந்தார். அப்பா ஜான் பார்கின்சனும் மருத்துவர்தான். மருந்து கலந்து கொடுப்பது, காயத்துக்குக் கட்டுப் போடுவது, சின்னச் சின்ன அறுவை சிகிச்சை, பிரசவம் என எல்லாவற்றையும் ஒரே ஆள் பார்க்கும் காலம் அது. மகனும் அப்பாவிடமே தொழில் கற்றார். 1776-ல் லண்டன் ஹாஸ்பிட்டலில் சில மாதங்கள் பயிற்சி எடுத்தார். 1784-ல் அறுவை மருத்துவராக அங்கீகாரம் கிடைத்தது. அதே வருஷம் அப்பா இறந்துபோக, ஏரியாவின் டாக்டர் பொறுப்பு மகனுக்கு வந்தது.

பிறகு கடைசி வரை அவர் ஹாக்ஸ்டனைவிட்டுப் போகவில்லை. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றுமே அவருக்கு ஷோர்டிட்ச்சின் செயின்ட் லெனார்ட்ஸ் தேவாலயத்தில்தான் நடந்தன.

இந்த விஷயம் முக்கியமானது. ஒரே ஏரியாவில் பல பத்து வருஷங்கள் இருக்கும் டாக்டருக்கு, அங்கே நடமாடும் மனிதர்களின் நடை மனப்பாடமாகிவிடும். போன வருஷம் நிமிர்ந்து நடந்தவர் இந்த வருஷம் குனிந்து நடந்தால் அவர் கண்ணில் படும். பெரிய ஆஸ்பத்திரியில் ஒருவரை ஒரே ஒருமுறை பார்க்கும் நிபுணருக்கு அந்த வசதி கிடையாது.

கவனித்ததை எழுதிவைக்கும் பழக்கமும் அவருக்கு இருந்தது. 1785-ல் அந்தக் காலத்தின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஜான் ஹண்டரின் வகுப்புகளுக்குப் போய், அவர் பேசியதைச் சுருக்கெழுத்தில் குறித்துக்கொண்டார். அந்தக் குறிப்புகளை பார்கின்சனின் மகன் 1833-ல் புத்தகமாக வெளியிட்டார்.

ராஜாவைக் கொல்லச் சதி? விசாரணைக்குப் போன டாக்டர்

அமைதியான டாக்டர் என்று நினைத்துவிட வேண்டாம். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் பார்கின்சன் தீவிர அரசியல் பேசியவர். ஏழைகளுக்கும் ஓட்டுரிமை வேண்டும், நாடாளுமன்றத்தைச் சீர்திருத்த வேண்டும் என்று கேட்ட லண்டன் கரஸ்பாண்டிங் சொசைட்டியில் உறுப்பினராக இருந்தார். ஓல்ட் ஹியூபர்ட் என்ற புனைபெயரில் அரசாங்கத்தைக் கிண்டலடித்துத் துண்டுப் பிரசுரங்கள் எழுதினார்.

1794-ல் சிக்கல் வந்தது. தியேட்டரில் வைத்து மூன்றாம் ஜார்ஜ் மன்னர் மீது விஷம் தடவிய அம்பை எய்து கொல்லத் திட்டம் போட்டார்கள் என்று அந்த அமைப்பைச் சேர்ந்த சிலர் கைது செய்யப்பட்டார்கள். பாப்கன் சதி என்று வரலாற்றில் இதற்குப் பெயர். பிரதமர் வில்லியம் பிட் உள்ளிட்டோர் அடங்கிய பிரிவி கவுன்சில் முன்பு பார்கின்சன் சத்தியப் பிரமாணம் செய்து சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. அவர் மீது வழக்குப் பாயவில்லை. கைதானவர்களும் பின்னாளில் விடுவிக்கப்பட்டார்கள்.

அதன் பிறகு அரசியல் எழுத்து குறைந்து, மக்களுக்கான மருத்துவ எழுத்து அதிகமானது. 1799-ல் குடும்பங்களுக்கான மருத்துவ அறிவுரை நூல், 1800-ல் கிராமத்து மக்களுக்கான மருத்துவ நூல், அதே வருஷம் குழந்தைகள் ஆபத்தான விளையாட்டுகளைத் தவிர்ப்பது பற்றி ஒரு புத்தகம் என வரிசையாக எழுதினார். எந்த அறிகுறி வந்தால் காத்திருக்கலாம், எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும் என்று சாதாரண மக்களுக்குச் சொல்வதுதான் இந்த எழுத்துகளின் நோக்கம்.

கல்லில் ஒரு கண்

அவர் உயிரோடு இருந்த காலத்தில் அவருக்குப் பெரிய பெயர் வாங்கிக்கொடுத்தது இந்த நோய் இல்லை. புதைபடிவங்கள்தான். ஆதிகால உயிரினங்களின் எச்சங்களைச் சேகரித்து, படங்களோடு மூன்று தொகுதிகளாக 1804, 1808, 1811 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்டார். 1807-ல் லண்டன் புவியியல் சங்கத்தைத் தொடங்கிய 13 பேரில் அவரும் ஒருவர். பார்கின்சோனியா என்ற அம்மோனைட் வகைக்கு அவர் பெயர்தான் வைக்கப்பட்டிருக்கிறது.

சின்னச் சின்ன வித்தியாசங்களைக் கவனித்து, ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக வகைப்படுத்துவதுதான் புதைபடிவ ஆய்வின் அடிப்படை. அதே வேலையைத்தான் அவர் மனித அசைவுகளிலும் செய்தார்.

அவர் சறுக்கிய இடமும் உண்டு. ஒரு பெண்ணை மனநல விடுதியில் சேர்க்க அவர் கொடுத்த சான்றிதழ் தொடர்பான விவகாரம் 1810-ல் நீதிமன்றத்துக்குப் போனது. சரியாக விசாரிக்காமல் கையெழுத்துப் போட்டார் என்று பத்திரிகைகளில் விமர்சனம் எழுந்தது. 1811-ல் அதற்குப் பதில் சொல்லி, மனநல விடுதிகளை முறைப்படுத்துவது பற்றியும் ஒரு சிறு நூல் எழுதினார்.

1817: அந்த ஆறு பேர்

பார்கின்சனுக்கு 62 வயதானபோது அந்தப் புத்தகம் வந்தது. நடுங்கும் வாதம் பற்றிய கட்டுரை என்பது தலைப்பு. அதில் வரும் ஆறு பேரில் சிலரைப் பார்ப்போம்.

* முதலாமவர் 50 வயதைத் தாண்டிய தோட்டக்காரர். ஒழுக்கமான, நிதானமான வாழ்க்கை வாழ்ந்தவர்.
* இரண்டாமவருக்கு 62 வயது. மாஜிஸ்திரேட் அலுவலகத்தில் உதவியாளராக இருந்தவர். தெருவில் சந்தித்தது.
* மூன்றாமவருக்கு சுமார் 65 வயது. முன்னாள் கப்பல் மாலுமி. அவரையும் தெருவில்தான் சந்தித்தார். ஸ்பெயின் சிறையில் மாதக்கணக்கில் ஈரத் தரையில் படுத்ததால்தான் இப்படி ஆனது என்று அந்த மாலுமி நம்பினார். எந்தச் சிகிச்சையும் பலன் தராது என்று மறுத்துவிட்டார்.
* ஐந்தாமவரை தூரத்தில் இருந்து மட்டுமே பார்த்தார். அவரால் நடக்க முடியவில்லை, ஓட மட்டும்தான் முடிந்தது. உதவியாளர் முன்னால் நின்று இரண்டு தோள்களையும் பிடித்துக்கொள்வார். அவர் முன்னும் பின்னும் லேசாக அசைந்து, சமநிலை கிடைத்ததும் ஓட ஆரம்பிப்பார். உதவியாளர் விலகி முன்னே ஓடி, சுமார் இருபது அடி வைத்ததும் விழாமல் பிடித்துக்கொள்வார்.
* ஆறாமவருக்கு 72 வயது. பக்கவாதம் வந்தபோது அந்தப் பக்கத்து நடுக்கம் நின்றுபோனது. பக்கவாதம் சரியானதும் நடுக்கம் திரும்பி வந்தது.

ஆறு பேருக்கும் வயது வேறு, தொழில் வேறு, தங்கள் நோய்க்குக் காரணம் என்று அவர்கள் நினைத்தது வேறு. ஆனால் அசைவுகளில் ஏற்பட்ட மாற்றம் கிட்டத்தட்ட ஒரே வரிசையில் நடந்திருந்தது. இதைத்தான் பார்கின்சன் பிடித்தார்.

அவர் எதைக் கவனித்தார்?

அந்தப் புத்தகத்தின் பலமே இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஒரு மனிதரின் ஒரு நாள் வாழ்க்கையைப் பார்த்தே அவர் நோயை விவரித்தார்.

முதலில் ஒரு கையில் லேசான நடுக்கம். அதுவும் கை சும்மா இருக்கும்போதுதான் வருகிறது. பிறகு நடக்கும்போது உடம்பு முன்னால் குனிகிறது. எழுதுவது கஷ்டமாகிறது. சாப்பிடும்போது முள்கரண்டி உணவில் சரியாகப் படுவதில்லை, பட்டாலும் வாய் வரை கொண்டுபோவது பாடாக இருக்கிறது. நடை, விரல் நுனியில் ஓடும் ஓட்டமாக மாறுகிறது. தூக்கம் கெடுகிறது. மலச்சிக்கல் வருகிறது. பேச்சு புரியாமல் போகிறது. விழுங்க முடியாமல் எச்சில் வழிகிறது. கடைசியில் ஒவ்வொரு வேலைக்கும் இன்னொருவர் கை தேவைப்படுகிறது.

தனித்தனியாகப் பார்த்தால் இதில் ஒவ்வொன்றும் வயசுக் கோளாறு மாதிரிதான் தெரியும். வருஷக் கணக்கில் சேர்த்துப் பார்க்கும்போதுதான் இது ஒரே நோய் என்று புரியும்.

எங்கே தவறவிட்டார்?

கண்ணால் பார்ப்பதற்கு ஓர் எல்லை இருக்கிறது. தெருவில் பார்த்தவர்களின் கையைப் பிடித்து மடக்கி நீட்டிப் பார்க்க முடியாது. அதனால் இந்த நோயின் முக்கிய அறிகுறியான தசை இறுக்கம் பார்கின்சனின் விவரிப்பில் இடம்பெறவில்லை. அறிவும் புலன்களும் பாதிக்கப்படுவதில்லை என்று அவர் எழுதினார். மனச்சோர்வு, நினைவாற்றல் குறைவு, வாசனை தெரியாமல் போவது ஆகியவையும் இந்த நோயில் வரலாம் என்பது இன்று தெரியும்.

கோளாறு கழுத்துப் பகுதித் தண்டுவடத்தில் இருக்கலாம் என்று அவர் கணித்தார். கழுத்திலிருந்து ரத்தம் வெளியேற்றும் சிகிச்சையைப் பரிந்துரைத்தார். இரண்டுமே சரியில்லை. ஆனால் தன் கணிப்பு உறுதியானது இல்லை என்பதை அவர் மறைக்கவில்லை. உடற்கூறு ஆய்வு செய்பவர்கள் இந்த நோயைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டுத்தான் அந்தப் புத்தகத்தையே வெளியிட்டார்.

பெயர் வந்தது எப்படி?

1824 டிசம்பர் 21 அன்று, பக்கவாதத்தால் பேச்சிழந்த நிலையில் பார்கின்சன் இறந்தார். அந்த நோய்க்குத் தன் பெயர் வரும் என்பது அவருக்குத் தெரியாது. 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிஸின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் இருந்த நரம்பியல் மருத்துவர் ழான் மார்ட்டின் ஷார்கோதான் இதற்குப் பார்கின்சன் பெயரை வைத்தார். தசை இறுக்கத்தையும், அசைவு மந்தமாவதையும் தெளிவாகப் பிரித்துக் காட்டியதும் அவர்தான். எல்லா நோயாளிகளுக்கும் நடுக்கம் இருப்பதில்லை, அதனால் நடுங்கும் வாதம் என்ற பெயர் பொருந்தாது என்பது ஷார்கோவின் வாதம்.

பார்கின்சன் போட்டோ என்று இணையத்தில் சுற்றும் தாடி வைத்த படங்கள் எதுவும் அவருடையது இல்லை. புகைப்படம் புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே அவர் இறந்துவிட்டார். உறுதியான ஓவியமும் கிடையாது.

மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் அழிவதுதான் இந்த நோயின் அசைவுப் பிரச்சினைகளுக்குக் காரணம் என்பது 20-ம் நூற்றாண்டில் தெரியவந்தது. டோபமைனாக மாறக்கூடிய லெவோடோபா 1960-களில் மருந்தாக வந்தது. இன்றும் அதுதான் முதன்மை மருந்து.

இதில் ஒரு சென்னை கனெக்‌ஷனும் உண்டு. பூனைக்காலி விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்து 1937-லேயே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டவர்கள் சென்னையைச் சேர்ந்த தாமோதரன், ராமசாமி என்ற ஆய்வாளர்கள். அதற்காகப் பூனைக்காலிப் பொடியை வாங்கி நாமே சாப்பிட ஆரம்பிக்கக் கூடாது. எவ்வளவு மருந்து உள்ளே போகிறது என்ற கணக்கே தெரியாமல் போய்விடும். ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்களுக்கு அது இன்னும் ஆபத்து.

இன்று எப்படி அளக்கிறார்கள்?

வழக்கமான ரத்தப் பரிசோதனை மூலம் இந்த நோயை உறுதி செய்ய முடியாது. ஸ்கேன் எடுப்பது பெரும்பாலும் வேறு காரணங்கள் இல்லை என்று தெரிந்துகொள்ளத்தான். டாக்டர் பார்த்து, கேட்டு, தொட்டு முடிவு செய்வதுதான் இன்றும் முக்கிய வழி.

1967-ல் மார்கரெட் ஹோன், மெல்வின் யார் என்ற இருவர் இந்த நோயை ஐந்து நிலைகளாகப் பிரித்தார்கள். உடம்பின் ஒரு பக்கம் மட்டும் பாதிப்பு என்பது முதல் நிலை. உதவி இல்லாமல் படுக்கையையோ சக்கர நாற்காலியையோ விட்டு நகர முடியாது என்பது ஐந்தாம் நிலை.

1987-ல் விரிவான மதிப்பெண் முறை வந்தது. 2008-ல் அது புதுப்பிக்கப்பட்டது. அதன் இரண்டாம் பகுதி முழுக்க அன்றாட அசைவுகள் பற்றியது. மொத்தம் 13 கேள்விகள். பேச்சு, எச்சில், விழுங்குவது, சாப்பிடுவது, உடை உடுத்துவது, குளியல் போன்ற சுத்தம், கையெழுத்து, பிடித்த பொழுதுபோக்கு, படுக்கையில் புரள்வது, நடுக்கம், படுக்கையிலோ தாழ்வான நாற்காலியிலோ இருந்து எழுவது, நடை, நடக்கும்போது கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல நின்றுவிடுவது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். 0 என்றால் பிரச்சினை இல்லை, 4 என்றால் கடுமை.

இதில் பேச்சு, எச்சில், விழுங்குதல், சாப்பாடு, கையெழுத்து, நடுக்கம், நடை ஆகியவை 1817-ம் வருஷப் புத்தகத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. மூளைக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாத ஒரு டாக்டர் கவனித்த விஷயங்கள், 191 வருஷம் கழித்து வந்த கேள்வித்தாளிலும் நிற்கின்றன.

இது தவிர, டாக்டரே செய்யச் சொல்லிப் பார்க்கும் சோதனைகளும் உண்டு. விரல்களை வேகமாகத் தட்டச் சொல்வார்கள். நாற்காலியில் இருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்பார்கள். கை, காலை மடக்கி நீட்டி இறுக்கம் பார்ப்பார்கள்.

விளாங்குடி வீட்டில் எதைக் கவனிக்கலாம்?

கிளினிக்கில் கிடைப்பது சில நிமிஷம். டாக்டர் முன்னால் பலரும் கொஞ்சம் நிமிர்ந்து, கவனமாக நடந்துவிடுவார்கள். மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் போனால் நடை நன்றாகவே இருக்கும். காலையில் மாத்திரைக்கு முன்பு கட்டிலைவிட்டு எழ முடியாமல் தவித்தது வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் தெரியும். அதனால்தான் அந்த 13 கேள்விகளுக்குப் பதில் சொல்ல நோயாளியோடு குடும்பத்தினரும் உதவலாம்.

இன்னொரு விஷயம். நாற்காலி, முள்கரண்டி, கார் என்று பழகிய நாடுகளில் உருவான கேள்விகள் இவை. மதுரை திண்டுக்கல் சாலையில் இருக்கும் விளாங்குடி போன்ற ஒரு ஊரில் அன்றாடம் என்பது கொஞ்சம் வேறு மாதிரி. டாக்டரிடம் போகும்போது இங்கே நடப்பதைச் சொன்னால்தான் அவருக்கும் புரியும்.

* தரையில் உட்கார்ந்து எழ முன்பைவிட அதிக நேரமாகிறதா? சுவரையோ ஆளையோ பிடிக்க வேண்டியிருக்கிறதா?
* சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோவதற்குள் சிந்துகிறதா?
* கைலியை இறுக்கிக் கட்ட, ரவிக்கைக் கொக்கி மாட்ட இன்னொருவர் தேவைப்படுகிறாரா?
* பேங்கில் பென்ஷன் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்கிறார்களா? எழுத்து போகப்போகச் சின்னதாகிறதா?
* நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாமல் உடம்போடு ஒட்டி இருக்கிறதா?
* அரசரடி பக்கம் போக டவுன் பஸ் ஏறும்போது படி முன்னால் கால் நகராமல் நின்றுவிடுகிறதா? வாசல்படி தாண்டும்போதும் அப்படி ஆகிறதா?
* இந்தியன் டாய்லெட்டில் உட்கார்ந்தால் எழ முடியவில்லையா?
* பேச்சு மெதுவாகி, போனில் பேசுவது எதிர்முனைக்குக் கேட்கவில்லையா?

இதில் ஒன்றிரண்டு இருந்தாலே பார்கின்சன் என்று பயந்துவிடக் கூடாது. மூட்டுவலி, தைராய்டு, சில மாத்திரைகளின் பக்கவிளைவு, பொருளைப் பிடிக்கும்போது மட்டும் வரும் வேறு வகை நடுக்கம் என்று பல காரணங்கள் இருக்கலாம். எது என்று பிரித்துச் சொல்ல நரம்பியல் மருத்துவர் வேண்டும். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் நரம்பியல் துறை இருக்கிறது.

போகும் முன்பு ஒரு வாரம் சின்ன நோட்டில் எழுதிவையுங்கள். எந்த நேரம் எந்த வேலை கஷ்டமாக இருந்தது, மாத்திரை எப்போது போட்டார், எப்போது விழுந்தார் அல்லது விழப்பார்த்தார். அவர் சம்மதித்தால் போனில் நடையை வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டலாம். பழைய கையெழுத்து ஏதாவது இருந்தால் அதையும் எடுத்துப் போகலாம். மாத்திரை போடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தக் கூடாது, அது ஆபத்தில் கொண்டுபோய் விடலாம்.

பார்கின்சன் நோயை முழுதாகக் குணப்படுத்தும் மருந்து இன்னும் வரவில்லை. ஆனால் மருந்து, பிசியோதெரபி, உடற்பயிற்சி, வீட்டில் விழாமல் இருக்கச் செய்யும் சின்னச் சின்ன மாற்றங்கள் மூலம் பல வருஷங்கள் சொந்த வேலையைத் தானே பார்த்துக்கொண்டு வாழ முடியும். வயசாயிடுச்சு என்று விட்டுவிடும் ஒவ்வொரு வருஷமும் அந்த வாய்ப்பைக் குறைக்கிறது.

பார்கின்சன் பிறந்த ஏப்ரல் 11-ம் தேதிதான் ஒவ்வொரு வருஷமும் உலக பார்கின்சன் தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. ஹாக்ஸ்டன் சதுக்கத்தில் அவர் வாழ்ந்த வீடு இப்போது இல்லை. அந்த இடத்தில் அவர் பெயர் சொல்லும் பலகை ஒன்று இருக்கிறது.